வெறும் வயிற்றில் இட்லி விற்றவர்: குரோன் நோயில் நுண்ணூட்டக் குறைபாடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரின் பல பக்கங்களுக்கும் கிளம்பும் தமிழர்களை மும்பைவாசிகள் நன்கு அறிவார்கள். அவர்களுள் ஒருவர், திருநெல்வேலி மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்டவர், 38 வயது ஆண், 2023-ஆம் ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் எங்கள் குடல் நோய்ப் பிரிவுக்கு வந்தார். நான் அங்கே உணவியலாளராகப் பணிபுரிகிறேன். அவருடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். அவர் கொண்டுவந்த கோப்பில் இருந்த ஆய்வக அறிக்கைகளில் முக்கியமான சில எண்கள் 'இயல்பு' என்ற வரம்புக்குள் அடங்கியிருந்தன. ஆனால் அந்த மனிதர் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் பாத்திரத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளியே இந்தக் கட்டுரையின் பொருள்.

நோயின் வரலாறு

2016-இல் அவருக்கு அடிவயிற்று வலி, எடைக் குறைவு, தொடர் பேதி ஆகியவை தொடங்கின. பெருங்குடல் உள்நோக்கியில் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் புண்கள் தெரிந்தன. திசுச் சோதனை எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை. நம் நாட்டில் இப்படிப்பட்ட நிலையில் மருத்துவர்கள் முதலில் நினைப்பது குடல் காசநோயைத்தான். அது தவறும் அன்று. குடல் காசநோயும், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயும் ஒரே இடத்தையே விரும்பித் தாக்குகின்றன, இரண்டிலும் புண்ணும் குறுக்கமும் வருகின்றன, இரண்டிலும் கிரானுலோமா என்ற திசு முடிச்சுகள் காணப்படலாம். ஆகவே அவருக்கு ஆறு மாதம் காசநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டன. கொஞ்சம் தேறினார், பிறகு பழைய நிலைக்கே திரும்பினார்.

2017-இல் குடல் அடைப்பு ஏற்பட்டு வேறொரு மருத்துவமனையில் அவசர அறுவை சிகிச்சை நடந்தது. இலியத்தில் 45 சென்டிமீட்டரும் அதை ஒட்டிய பெருங்குடலின் தொடக்கப் பகுதியும் அகற்றப்பட்டன. வெட்டியெடுத்த குடலில், சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவிய அழற்சியும், நடுவில் சிதைவில்லாத கிரானுலோமாக்களும் இருந்தமையால் குரோன் நோய் என்று முடிவாயிற்று. 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் விவரித்தது இலியத்தின் இதே கடைப்பகுதியில் வரும் அழற்சியைத்தான். அது முதல் அவர் நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோபிரின் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தார். நடுவில் இரண்டு முறை ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. நெஞ்செரிச்சலுக்கு என்று ஒரு முறை எழுதித் தரப்பட்ட பாண்டோபிரசோலை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அது நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்துகொண்டிருந்தது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் 'ரத்தம் ஊற' ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினமும் கொடுத்து வந்தார்.

எங்களிடம் வந்தபோது ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பேதி இருந்தது. எடை 51 கிலோ, உயரம் 167 செ.மீ.; ஆறு மாதத்துக்கு முன் 56 கிலோ இருந்திருக்கிறார். அதாவது உடல் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் கரைந்திருந்தது. நாக்கு சிவந்து வழவழப்பாக இருந்தது. இரண்டு பாதங்களிலும் ஓராண்டாக எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருப்பதாகச் சொன்னார். முந்தைய மருத்துவக் குறிப்பொன்றில் அது 'காசநோய் மருந்தின் பின்விளைவு' என்று எழுதப்பட்டிருந்தது. ஐசோனியாசிட் மருந்து வைட்டமின் பி6-ஐக் குறைத்து நரம்பைப் பாதிப்பது உண்மைதான். ஆனால் 2017-இல் நிறுத்திய மருந்து 2022-இல் புதிதாகக் கால் மரத்துப்போக வைக்காது. தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்திருந்தாலே அந்தக் குறிப்பு நின்றிருக்காது.

இன்னும் இரண்டு செய்திகள் அவர் மனைவியிடமிருந்து வந்தன. இட்லி அண்டாவின் ஆவி பட்டுப் புறங்கையில் ஏற்பட்ட சிறு புண் ஏழு வாரமாகியும் ஆறவில்லை. அதைவிட அவருக்குப் பெரிய கவலை சட்னியைப் பற்றியது: சட்னியில் உப்பு கூடிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கத் தொடங்கியிருந்தார்கள், ருசி பார்த்துச் சேர்க்கும் இவருக்கோ உப்பு தெரியவேயில்லை. வாழ்நாளெல்லாம் சட்னி அரைத்து விற்றவரின் நாக்கு சுவையை இழப்பது எந்தப் பரிசோதனை அறிக்கைக்கும் குறையாத தடயம். ஆனாலும் அன்று நான் அதைக் குறித்துக்கொண்டதோடு சரி.

எண்கள் சொன்னதும் மறைத்ததும்

முதல் வாரத்தில் வந்த முடிவுகள்: ஹீமோகுளோபின் 9.4 கிராம், சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்சிவி 88, ஃபெரிட்டின் 68 நானோகிராம், பி12 214 பிகோகிராம் (ஆய்வகத்தின் கீழ்வரம்பு 200). இந்த நான்கில் ஹீமோகுளோபின் ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் வரம்புக்குள் இருந்தன. முந்தைய மருத்துவமனையிலும் ஏறத்தாழ இதே எண்கள்தாம் வந்திருந்தன. 'நாள்பட்ட நோயால் வரும் ரத்தசோகை' என்று எழுதி விட்டிருந்தார்கள்.

எம்சிவி 88 என்பதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். பி12 குறைந்தால் பெருத்துப்போகும். அசதயோபிரின் மருந்தும் தன் பங்குக்கு அதைப் பெருக்க வைக்கும். மூன்றும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் இயங்கும்போது சிறுத்ததும் பெருத்ததும் கலந்து சராசரி நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கூட்டத்தில் பாதிப்பேர் குள்ளமும் பாதிப்பேர் நெட்டையும் ஆனால் சராசரி உயரத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாதல்லவா, அதுபோல. சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ அதே அறிக்கையின் அடுத்த வரியிலேயே 22 சதவீதம் என்று இருந்தது. வழக்கமாக அது 15-ஐத் தாண்டுவதில்லை. ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்த நோயியல் மருத்துவர், சிறியதும் பெரியதுமாக இரண்டு வகைச் சிவப்பணுக்கள் இருப்பதையும், வெள்ளணுக்கள் சிலவற்றில் உட்கரு ஆறேழு பிரிவாகப் பிளந்திருப்பதையும் எழுதி அனுப்பினார். பிந்தையது பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைபாட்டின் பழைய, நம்பகமான அடையாளம். தகட்டில் ரத்தம் பூசிப் பார்க்கும் பழக்கம் இயந்திரங்கள் வந்த பிறகு குறைந்துவிட்டது என்பது என்னுடைய நெடுநாள் வருத்தம்.

ஃபெரிட்டின் 68 என்பதும் அப்படித்தான். ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம். ஆனால் அழற்சி ஏற்பட்டாலே அதன் அளவு தானாக ஏறும். அழற்சியைக் காட்டும் புரதங்களில், ரத்தத்தில் சிஆர்பி 34 மி.கி., மலத்தில் கால்புரோடெக்டின் 780 மைக்ரோகிராம்; குடல் கொதித்துக்கொண்டிருந்தது. அழற்சி இல்லாதபோது ஃபெரிட்டின் 30-க்குக் கீழ் இருந்தால்தான் இரும்புக் குறைபாடு என்கிறோம். அழற்சி இருக்கும்போது 100 வரைக்கும் குறைபாடாகவே கருத வேண்டும் என்று ஐரோப்பியக் குடல் அழற்சி வல்லுநர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவு வெறும் 9 சதவீதம் என்று வந்ததும் ஐயம் தீர்ந்தது. உள்ளூரில் அவருக்குக் கொடுத்திருந்த இரும்பு மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் கதவை அடைத்துவிடுகிறது. உள்ளே போகாத இரும்பு குடலிலேயே தங்கி வலியையும் கறுத்த மலத்தையும் உண்டாக்கியது. அவர் மூன்றாவது வாரத்தில் மாத்திரையை நிறுத்தியதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

பி12-இன் கதை வேறு. உணவிலிருந்து வரும் பி12, இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து இலியத்தின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் 60 செ.மீ.க்கு மேல் போய்விட்டால் ஆயுள் முழுவதும் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். 20 செ.மீ.க்கு மேல் போனாலே ஆபத்து தொடங்குகிறது. இவருக்குப் போனது 45. மிஞ்சிய இலியத்திலும் புண் இருந்தது. ஆனால் கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருப்பதால் அறுவை சிகிச்சை நடந்தவுடன் எதுவும் தெரியாது. சேமிப்பு கரைந்து கால் மரக்கும்போது, அறுவை சிகிச்சை பழைய கதையாகி, அந்த மருத்துவரும் வேறு ஊருக்குப் போயிருப்பார். 214 என்ற எண் எல்லைக்கோட்டின் மேல் நின்றதால், பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனும் மெத்தில்மலோனிக் அமிலமும் பார்க்கப்பட்டன. முன்னது 38 மைக்ரோமோல், பின்னது இயல்பின் இருமடங்குக்கு மேல். ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்) தாராளமாக இருந்தது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை ஓரளவு தேறுவது போலத் தோன்றும், நரம்புக்கு நேரும் கேடோ ஓசையில்லாமல் தொடரும். இவருக்கு நடந்தது அதுவாகவே இருக்கலாம்.

துத்தநாகம் 48 மைக்ரோகிராம் என்று வந்தபோது, சுவையிழப்பு, ஆறாத புண், முடி உதிர்தல் ஆகியவற்றோடு சேர்த்து உடனே 'குறைபாடு' என்று என் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அது அவசரம். ரத்தத்தில் துத்தநாகம் பெரும்பாலும் அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டே திரிகிறது. அவருடைய அல்புமின் 3.0 கிராம்தான். தவிர, அழற்சியின்போது துத்தநாகம் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. சிஆர்பி 20-ஐத் தாண்டினால் ரத்தத் துத்தநாக அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதைப் படித்திருந்தும் மறந்தேன். எங்கள் மருத்துவர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு வேறு தடயங்களைத் தேடினோம். துத்தநாகம் இல்லாமல் இயங்க முடியாத அல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதி 38 என்று தாழ்ந்திருந்தது. நாள்பட்ட பேதியின் வழியே துத்தநாகம் மிகுதியாக வெளியேறும் என்பதும், அடுத்து நான் சொல்லப்போகும் உணவுக் கணக்கும் சேர்ந்து குறைபாடு என்ற முடிவைத் தாங்கின. கால்சியத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அறிக்கையில் 8.2; அல்புமின் குறைவுக்கு ஈடு செய்தால் 9.0, அதாவது இயல்பு. வைட்டமின் டி 9 நானோகிராம். அதுவும் அழற்சியில் சற்று இறங்கும்தான், ஆனால் இவ்வளவு இறங்குவதற்கு அது மட்டும் போதாது. தினமும் வெயிலில் சைக்கிள் மிதிப்பவருக்கு எப்படி என்று மாணவி ஒருவர் கேட்டார். அவர் வெயிலில் இருந்தது ஐந்தரை மணி முதல் பத்தரை வரை. சாய்வாக விழும் காலைக் கதிரில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் மிகவும் குறைவு. அதிலும் நான்கு மாதம் மும்பையில் மேகம் மூடிக் கிடக்கிறது. மக்னீசியம் 1.6 மி.கி. என்று கீழ்வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேதியும் பாண்டோபிரசோலும் அதற்குப் போதுமான காரணங்கள்.

அவர் சாப்பிட்டதும் சாப்பிடாததும்

ஏழாண்டுக் கோப்பில் அவருடைய உணவைப் பற்றி இருந்தவை இரண்டே சொற்கள்: 'கலப்பு உணவு'. முதல் சந்திப்பில் நானும் பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. சிறு சிறு அளவில் ஆறு வேளை சாப்பிடுங்கள், பனீரும் முளைகட்டிய பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர் பணிவாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து எடை அரைக் கிலோ குறைந்திருந்தது.

இரண்டாவது சந்திப்பில் மூன்று நாள் உணவை மணிக்கணக்காகக் கேட்டு எழுதினேன். இரவு இரண்டரைக்கு எழுந்து கணவனும் மனைவியும் இட்லி ஊற்றத் தொடங்குகிறார்கள். அப்போது சர்க்கரை போட்ட கட்டஞ்சாயா ஒரு டம்ளர். ஐந்தரைக்குக் கிளம்பினால் திரும்பி வரும்வரை 'கட்டிங்' எனும் அரை டம்ளர் டீ ஐந்தாறு, எப்போதாவது ஒரு பிஸ்கட். பதினொன்றரைக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. இரவில் மிஞ்சிய இட்லி நான்கு, சர்க்கரை தொட்டு. அல்லது குழைந்த சோறும் ரசத்தின் தெளிவும். பருப்பு, கீரை, காய், பழம், பால், தயிர், முட்டை, மீன் எதுவும் இல்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1250 கிலோகலோரி, புரதம் 28 கிராம், கால்சியம் 200 மி.கி.க்கும் குறைவு, துத்தநாகம் 4 மி.கி.க்குள். நலமாக உள்ள ஆணுக்கே கால்சியம் 1000 மி.கி.யும் துத்தநாகம் 17 மி.கி.யும் பரிந்துரைக்கப்படுகின்றன. குரோன் நோய் தீவிரமாக இருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். இவருக்கு அது 61 முதல் 76 கிராம். இட்லியில் உளுந்து இருக்கிறதே என்று நான் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அவரே திருத்தினார்: வீட்டுக்கு அரைத்தால் நாலுக்கு ஒன்று, விற்பனைக்கு அரைத்தால் ஆறுக்கு ஒன்று.

ஒவ்வொரு உணவும் எப்போது, யார் சொல்லி நின்றது என்று கேட்டேன். பாலைக் காசநோய் மருந்து சாப்பிட்ட காலத்தில் யாரோ நிறுத்தச் சொன்னார்கள். கீரையையும் காயையும் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரத்துக்கு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு வாரம் ஆறு ஆண்டாகியிருந்தது, முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. பருப்பு வாயு என்று அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னார். முட்டையும் மீனும் சூடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். குடலில் குறுக்கம் உள்ளவர்களுக்கு நார்ச்சத்தைக் குறைப்பது தேவையே. ஆனால் இப்போது எடுத்த குடல் ஸ்கேனில் இவருக்குக் குறுக்கம் எதுவும் இல்லை.

இவ்வளவு எழுதிய பின்னும் ஒன்று புரியவில்லை. வேலை நேரத்தில், அதாவது பகலின் முற்பாதி முழுவதும், தலையிலும் சைக்கிளிலும் இட்லியைச் சுமந்துகொண்டு ஒரு இட்லிகூட ஏன் சாப்பிடுவதில்லை? பசிக்காதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சாப்பிட்டா உடனே வெளிக்குப் போகணும்மா. போற வழியில எங்க போறது? வீட்டுலயும் சந்துக் கக்கூஸ்ல காலைல வரிசை. அதான் வயித்தைக் காலியாவே வெச்சிக்கிடுறேன்."

இந்தப் பதில் அதற்கு முன் எந்த மருத்துவமனையிலும் வராததற்கு, அங்கெல்லாம் அவர் அரைகுறை இந்தியில் 'வயிறு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பல குடும்பங்கள் ஒரே பொதுக் கழிப்பறையை நம்பி வாழும் சந்தில், அவசரமாக வரும் பேதி என்பது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று, அது மானத்தைப் பற்றியது. அவர் தன் உணவைக் குறைத்ததற்கு நோய் பாதிக் காரணம் என்றால், கழிப்பறை மீதிக் காரணம். ஆறு வேளை சாப்பிடச் சொன்ன என் தாளுக்கு அவர் வாழ்வில் இடமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைச் சாப்பிட வைக்க வேண்டுமென்றால் முதலில் பேதியை நிறுத்த வேண்டும்.

சிகிச்சை

அழற்சியை அடக்கும் பொறுப்பு மருத்துவருடையது. பழைய காசநோய் சிகிச்சை வரலாறு இருந்ததால் உரிய சோதனைகளை முடித்துக்கொண்டு, அழற்சியை அடக்கினாலும் உறங்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடிய அடலிமுமாப் ஊசி தொடங்கப்பட்டது, அசதயோபிரின் தொடர்ந்தது, பாண்டோபிரசோல் நிறுத்தப்பட்டது.

பேதி முழுவதும் அழற்சியால் வருவதன்று என்று மருத்துவர் ஐயப்பட்டார். பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சும் இடமும் இலியத்தின் கடைசிப் பகுதியே. அது குறைந்துவிட்டால் பித்த உப்புகள் பெருங்குடலுக்குள் இறங்கி அங்கே நீரைச் சுரக்க வைத்துப் பேதியை உண்டாக்குகின்றன. கொலஸ்டைரமின் பொடி காலையில் 4 கிராம் கொடுத்த பத்து நாளுக்குள் ஐந்தாறு முறை என்பது இரண்டு முறையாக இறங்கியது. இந்தப் பொடி பித்த உப்பைப் பிடிப்பது போலவே மருந்துகளையும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். அதனால் மற்ற மாத்திரைகள் அனைத்தையும் இதற்கு ஒரு மணி முன்போ நான்கு மணி பின்போ சாப்பிட வேண்டும் என்று அவர் மனைவியிடம் கடிகாரம் வரைந்து காட்டினோம். வைட்டமின் டி-ஐ மதியச் சாப்பாட்டோடு வைத்தோம்.

பி12, ஆயிரம் மைக்ரோகிராம் ஊசியாக முதல் வாரம் தினமும், அடுத்த நான்கு வாரம் வாரம் ஒன்றும், பிறகு மாதம் ஒன்றும் என்று முடிவாயிற்று. அதிக அளவு மாத்திரையிலிருந்தும் ஏறத்தாழ ஒரு சதவீதம் குடல் முழுவதும் கசிந்து உள்ளே போகும் என்பதால் மாத்திரையிலேயே சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு அந்தச் சோதனையை நடத்திப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. புதிய சிவப்பணுக்கள் வேகமாக உருவாகும்போது பொட்டாசியம் இறங்கக்கூடும் என்பதால், பி12 ஊசி தொடங்கியபோது அதையும் பார்த்துக்கொண்டோம்.

இரும்பு ரத்தக் குழாய் வழியாக ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸாக ஒரு வார இடைவெளியில் 750 மி.கி. வீதம் இரண்டு முறை, மொத்தம் 1500 மி.கி. செலுத்தப்பட்டது. இந்த மருந்து ரத்தத்தில் பாஸ்பேட்டைத் தாழ்த்தக்கூடியது, வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அந்த ஆபத்து மிகுதி. ஆகையால் 60,000 அலகு வைட்டமின் டி-ஐ வாரம் ஒன்றாகத் தொடங்கி, கால்சியத்தையும் சேர்த்துக்கொண்ட பிறகே இரும்பு ஏற்றப்பட்டது. அப்படியும் இரண்டாவது வாரத்தில் பாஸ்பேட் 2.0 மி.கி. வரை இறங்கி, தொல்லை எதுவும் தராமல் ஆறாவது வாரத்தில் மேலேறியது.

துத்தநாகம் தினம் 40 மி.கி., எட்டு வாரத்துக்கு மட்டும். அதிக அளவுத் துத்தநாகத்தை மாதக்கணக்கில் கொடுத்தால் அது செம்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். செம்புக் குறைபாடு தரும் ரத்தசோகையும் கால் மரப்பும் பி12 குறைபாட்டை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்கும். கால் மரத்த நோயாளிக்குத் துத்தநாகத்தை எழுதிவிட்டு நிறுத்த மறந்தால் ஒரு குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பத்தை ஏற்றுவதாகும்.

உணவை வேகமாக மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பொருள், நான்கு நாள் இடைவெளி. குழந்தைகளின் குரோன் நோயில் ஆறு முதல் எட்டு வாரம் முழு ஊட்டப்பானத்தை மட்டுமே கொடுத்து நோயை அடக்குவது நன்கு நிலைபெற்ற முறை. இவருக்கு அதைச் சொல்லிப் பார்க்கும் எண்ணமே எங்களுக்கு வரவில்லை. அதன் விலை அவருடைய நாள் வருமானத்தை விழுங்கிவிடும். சமூகப் பணிப் பிரிவின் உதவியால் நான்கு வாரத்துக்கு இரண்டு டம்ளர் பானம் கிடைத்தது. பிறகு அதன் இடத்தில் பொட்டுக்கடலை மாவு, அரிசி மாவு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியும் ஒரு அவித்த முட்டையும் வந்தன. முதலில் திரும்பியது மோர். அடுத்து குழைய வெந்த பாசிப்பருப்பு. மும்பைச் சந்தையில் பாங்டா என்று விற்கும் மீன் ஊரில் தாம் சாப்பிட்டு வளர்ந்த அயிலைதான் என்று நான் சொன்னபோது அவர் முதல் முறையாகச் சிரித்தார். ஆறாவது வாரத்தில் அரைத்து வடிகட்டிய முருங்கைக்கீரை, எட்டாவது வாரத்தில் புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழ். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் புளிக்கவைத்தால்தான் அதில் கொஞ்சமாவது உடலுக்குச் சேரும். இட்லி மாவைப் பல ஆண்டுகளாகப் புளிக்கவைத்தவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. டீயைக் கஞ்சிக்கும் கூழுக்கும் ஒரு மணி தள்ளி வைத்தால் போதும் என்றோம். டீயே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் எங்களிடம் திரும்பி வந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

விற்பனைப் பாதையும் மாறியது. இதைச் செய்தவர் அவர் மனைவி. கட்டணக் கழிப்பறைகள் மூன்று வழியில் வருமாறு வாடிக்கையாளர்களின் வரிசையை மாற்றி அமைத்தார். நான்கு மணிக்கு இரண்டு இட்லியும் பருப்புச் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கம் மூன்றாவது மாதத்தில் நிலைத்தது.

பின்தொடர்ந்து பார்த்ததில்

ஐந்தாவது வாரத்தில் உப்பு தெரியத் தொடங்கியது. கைப்புண் அதற்குள் மூடியிருந்தது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 24 சதவீதம், ஃபெரிட்டின் 142, ஹோமோசிஸ்டீன் 13, வைட்டமின் டி 27, துத்தநாகம் 81, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 71, எடை 54.5 கிலோ. சிஆர்பி 4.

துத்தநாகம் 48-லிருந்து 81-க்கு ஏறியதை எங்கள் மாத்திரையின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதே மூன்று மாதத்தில் சிஆர்பி 34-லிருந்து 4-க்கு இறங்கியது, அல்புமின் 3.8 ஆயிற்று. அழற்சி அடங்கியதாலேயே துத்தநாகத்தின் ஒரு பகுதி ரத்தத்துக்குத் திரும்பியிருக்கும். மாத்திரையின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு, அடலிமுமாபின் பங்கு எவ்வளவு என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. நாக்கில் சுவை திரும்பியதற்கும் இது பொருந்தும். பி12 குறைவால் புண்பட்ட நாக்கும் ஆறியிருந்ததே.

எம்சிவி மட்டும் ஒரு செய்தியைச் சொன்னது. மூன்றாவது மாதத்தில் 94 ஆனது, ஓராண்டில் 99-இல் நின்றது. ஆர்டிடபிள்யூ 15-க்கு வந்தது. இரும்பு நிரம்பியதும் சிறுத்த அணுக்கள் மறைந்துவிட்டன, பி12 நிரம்பியதும் அதனால் பெருத்தவை மறைந்துவிட்டன, மிஞ்சியது அசதயோபிரினின் கைவண்ணம். ஏழு ஆண்டுக்கு முன் இந்த மருந்தைத் தொடங்கிய சில மாதங்களிலேயே எம்சிவி ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் 88-இல் நின்றதே ஏதோ ஒன்று அதைக் கீழே இழுக்கிறது என்பதற்கு அடையாளம். பழைய அறிக்கைகளைப் பிறகு புரட்டிப் பார்த்தேன்: 2018-இல் 97, 2020-இல் 93, 2022-இல் 89. இந்த இறக்கத்தில் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே பார்த்தால் இயல்புதான். அவற்றை ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு அதுவரை எவருக்கும் வாய்க்கவில்லை. அவை வெவ்வேறு ஆய்வகங்களின் தாள்கள்.

கால் மரப்பு பாதிதான் குறைந்தது. எறும்பு ஊரும் உணர்வு கணுக்காலிலிருந்து விரல்களுக்கு இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தால் ஒன்றரை ஆண்டுக்குப் பின்னும் அதிர்வு தெரியவில்லை. ஓராண்டு கவனிக்கப்படாத நரம்பு இதற்கு மேல் மீளும் என்று நரம்பியல் மருத்துவர் உறுதி தரவில்லை. இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி, அவருடைய வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு, இசட் மதிப்பு மைனஸ் 2.2. இரண்டு முறை வாங்கிய ஸ்டீராய்டும் ஏழாண்டு கால்சியம் இல்லாச் சாப்பாடும் அங்கே எழுதி வைத்த கணக்கு அது.

2025-இன் தொடக்கத்தில் எடை 57 கிலோ. மாதாந்திர பி12 ஊசியை மனைவி தேதி குறித்து நினைவூட்டுகிறார். துத்தநாகம் நிறுத்தி ஓராண்டுக்கு மேலாகிறது. செம்பு இயல்பாக இருக்கிறது. வேர்க்கடலையையும் வெண்டைக்காயையும் அவர் இன்னும் தொடுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அவை இரண்டும் சின்ன வயதிலிருந்தே தமக்குப் பிடிக்காது என்றார்.